நோயளவும் எம் தெருவும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் எம் குரல் சற்றே தடைப்படுவதுண்டு. மருத்துவ நூல் கற்றவன் நோயுற்றவனது அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்தே செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் வரையறுக்கும் இடம் அது. ஒரு நோயாளி, ஒரு மருத்துவன் என்ற நிலையில் வைத்தே அதனை மாணவர்க்கு விளக்கி வருகிறோம். ஆயினும் தனி மனிதனுக்கு நோயளவு இருப்பது போன்றே ஓர் ஊருக்கும் நோயளவு உண்டு. அதனை அளக்க ஒருவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை எம் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரிடம் யாம் கொடுத்த அளவு பொய்யளவு.

எமது ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே பள்ளிவாசலை ஒட்டி எங்கள் தெரு. இரண்டுக்கும் இடையே மணல்வெளியும் சவுக்குத் தோப்புகளும். சவுக்கங்கன்றுகளுக்கு நீர் மொள்ளுவதற்காகத் தோண்டிய மணற்குழிகளில் கோடையிலும் தெளிந்த நன்னீர் ஊறிக் கிடக்கும். நல்ல தண்ணீர் கிடைப்பது ஊருக்குப் பெருமை. அந்தத் தெளிந்த நீரைத்தான் மலேரியாக் கொசுவும் விரும்பும் என்பது அன்று எமக்குத் தெரியாது. சாக்கடையில் பிறப்பதே கொசு என்றுதான் பள்ளிப் பாடம் படித்திருந்தோம்.

அவரை ஊரார் 'மலேரியாக்காரர்' என்றே அழைத்தனர். காக்கி நிறப் பை, சைக்கிள், ஒரு நீண்ட பிடி வைத்த வெள்ளைக் கரண்டி. இவைதாம் அவரது அடையாளங்கள். கரண்டியால் குழிநீரை மொண்டு, அதில் நெளியும் புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்வார். நீரின் மேற்பரப்புக்குக் கீழே தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசுவின் புழு என்றும், நீர்மட்டத்தோடு படுக்கையாகக் கிடந்தால் மலேரியாக் கொசுவின் புழு என்றும் சிறுவர்களாகிய எங்களுக்குக் காட்டியிருக்கிறார். பின்னர் வீடு வீடாகச் செல்வார். ஒவ்வொரு வீட்டின் முன்சுவரிலும் அச்சுத்தகட்டை வைத்து மை தடவி வரைந்த கட்டம் ஒன்று இருக்கும். தாம் வந்துபோன தேதியை அதில் எழுதிக் கையொப்பமிடுவார். "வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா? இரண்டு வாரத்துக்குள் வந்து போயிருக்கிறதா? விருந்தாளி யாரும் வந்திருக்கிறார்களா?" என்ற மூன்று கேள்விகள் மாறாமல் வரும். உண்டு என்றால் இடக்கை மோதிர விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தடிப்பாகவும் ஒரு துளியை மெல்லிதாகவும் இழுத்துக்கொண்டு, நான்கு வெள்ளை மாத்திரைகளைத் தம் கண்ணெதிரே விழுங்கச் செய்துவிட்டுத்தான் நகர்வார். குளோரோகுயின் என்னும் அம்மாத்திரையின் கசப்பு எம் தலைமுறையினர் நாவில் இன்னும் இருக்கக்கூடும்.

இவ்வேற்பாடு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் நாட்டில் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1960களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஓரிலட்சம் அளவுக்கு இறங்கியது. நோய் போய்விட்டது என்று எண்ணித் தளர்ந்த வேளையில் அது திரும்பியது. 1976இல் 64 இலட்சம் பேர். அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட திருத்திய திட்டத்தில் ஓர் அளவுகோல் வைக்கப்பட்டது. ஓராண்டில் ஆயிரம் பேருக்கு இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இரத்தத்தில் நோயணு காணப்பட்ட பகுதிகளுக்கே சுவரில் மருந்தடிப்பு. அந்தக் கணக்கு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமாயின் ஆண்டுக்கு நூற்றில் பத்துப் பேருடைய இரத்தமேனும் பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆக, எம் போன்ற ஊர்களுக்கு மருந்து வருவதும் வராததும் அந்தச் சைக்கிள்காரரின் கண்ணாடித் தகடுகளைப் பொறுத்தே அமைந்தது.

1991ஆம் ஆண்டு, பங்குனி பிறந்த சில நாளில் எம் சாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. எம் தந்தையாரின் இளையவர் மனைவி அவர். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சாச்சா சபர் போயிருந்தார். வாப்பா சென்னையில் கடையில். வீட்டில் ஆண்பிள்ளை என்று சொல்ல எஞ்சியிருந்தது பத்து வயதுடைய யாமே. ஒருநாள் விட்டு ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்க, சாச்சிக்குப் பல் கிட்டிக் குளிரெடுக்கும். வீட்டிலிருந்த கம்பளி மூன்றையும் போர்த்தி உம்மா அதன்மேல் படுத்து அழுத்திப் பிடிப்பார். பின்பு அனல், பின்பு வேர்வை. மறுநாள் ஒன்றுமே நடவாதது போல எழுந்து அரிசி புடைப்பார். முறைக்காய்ச்சல் என்று தமிழில் அதற்குப் பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறார்கள்.

எங்கள் உம்மும்மா அந்த வீட்டின் ஆட்சியாளர். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. ஓதி முடிந்த நூல் மணிக்கட்டில் ஏறியது. அதனை யாம் குறை கூறவில்லை. நோயுற்ற வீட்டில் இறைவனை நினையாதிருப்பது எங்ஙனம்? ஆனால் நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களது அறிவுரையும் அதே பள்ளிவாசலில் சொல்லப்பட்டதுதான். மார்க்கம் மறித்ததன்று, வழக்கம் மறித்தது. அந்நிய ஆடவன் ஒருவன் தம் மருமகளின் விரலைப் பற்றுவதை உம்மும்மாவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

சித்திரை மாதத்து ஒரு காலைப்பொழுதில் சைக்கிள் மணி கேட்டது. திரைக்குப் பின்னிருந்து உம்மும்மா, "போய்ச் சொல்லுங்க வாப்பா, யாருக்கும் காய்ச்சல் இல்லேன்னு" என்றார். யாம் சென்றோம். மூன்று கேள்விகளும் வந்தன. மூன்றுக்கும் இல்லை என்றோம். அவர் எம் தலைக்கு மேலே முற்றத்தைச் சற்றுநேரம் பார்த்தார். "நிஜமாவா தம்பி?" என்றார். "ஆமாம்" என்றோம். தேதியை எழுதினார், போய்விட்டார்.

வைகாசியில் சாச்சிக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டு, வீட்டில் மருத்துவச்சி பார்க்க, ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில வாரம் கழித்துச் சாச்சா வந்து நகரத்துத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிச் சென்றார். அங்கே இரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். வைவாக்ஸ் என்னும் வகை. குழந்தை அதனால்தான் இறந்தது என்று அறுதியிட யாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அந்நோய் கர்ப்பிணிகளுக்கு இரத்தச் சோகையையும் கருச்சிதைவையும் எடை குறைந்த பிள்ளைகளையும் உண்டாக்கும் என்பதையும், அந்தக் காக்கிப் பையிலிருந்த குளோரோகுயின் கர்ப்பிணிகளும் உட்கொள்ளத்தக்க மருந்து என்பதையும் பின்னாளில் படித்தறிந்தோம். படித்த நாள்முதல் அது எம்மை விட்டு நீங்கவில்லை.

2018ஆம் ஆண்டு இறுதியில் எம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோடு ஏழுநாள் சிறப்பு முகாமுக்குச் சென்றிருந்தோம். எம் ஊருக்கு மூன்று கல் தொலைவிலுள்ள சிற்றூர். சுகாதாரம் பற்றிப் பேச அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். மேடையேறியவரைக் கண்டதும் எமக்கு மெய்சிலிர்த்தது. எழுபதைத் தாண்டிய அவர், அந்த மலேரியாக்காரரேதாம்.

அன்றிரவு உணவுக்குப் பின் பள்ளிக்கூடத் திண்ணையில் அவரோடு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். எம் தெருவின் பெயரைச் சொன்னோம். அவர் சிரித்தார். "உங்க தெருவா சார்? அது எப்பவும் பூச்சியம்" என்றார். "நாற்பது வீட்டுக்கு மேல் இருக்கும். ஒரு வருஷம் முழுக்க நடந்தாலும் ஆம்பளைப் பிள்ளைங்க ரெண்டு மூணு பேர்கிட்டத்தான் இரத்தம் கிடைக்கும். பத்துக்கு ஒண்ணு எடுத்தாகணுமே. குப்பத்தில் கூடுதலா எடுத்து ஊர்க் கணக்கை நேர் பண்ணிடுவோம். ஊருக்கு மொத்தமாப் பார்த்தாச் சரியா இருக்கும்."

அவர் சொன்னதை யாம் விளங்கிக்கொள்ளச் சிறிது நேரமாயிற்று. ஆயிரம் பேருக்கு இத்தனை நோயாளிகள் என்ற கணக்கில், வகுக்கும் எண்ணில் எங்கள் தெருப் பெண்கள் அனைவரும் இருந்தார்கள். வகுபடும் எண்ணில் ஒருவர் கூட இல்லை. மக்கள்தொகைப் பதிவேட்டில் உயிரோடிருந்து, இரத்தப் பதிவேட்டில் இல்லாமற்போனார்கள். அவர்களது எண்ணிக்கை ஊரின் நோயளவைக் குறைத்துக் காட்டவே பயன்பட்டது. நோய் குப்பத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை என்று ஏட்டில் பதிந்தது. மருந்தடிப்போரும் குப்பத்திலிருந்தே தொடங்கினர். எம் தெருவிலோ தங்கள் அறைகளுக்குள் அவர்களை விடுவாரும் இல்லை.

அப்போதுதான் அவரிடம் அந்தச் சித்திரை மாதத்தைச் சொன்னோம். "ஐயா, நான் அன்றைக்குப் பொய் சொன்னேன்" என்றோம். அவர் வியப்படையவில்லை.

"தெரியும் சார். முற்றத்துக் கொடியில் மூணு கம்பளி காய்ஞ்சுது. சித்திரை வெயில்ல யாருக்குக் கம்பளி? ஆனா அதை எந்தக் கட்டத்துல எழுதுறது? காய்ச்சல் இருக்கா இல்லையான்னுதான் கட்டம் இருக்கு."

மாத்திரையையாவது எம் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்க நா எழுந்தது. கேட்கவில்லை. காய்ச்சலில்லை என்ற வீட்டுக்கு எந்தக் கணக்கில் அவர் மாத்திரை எழுதுவார்?

முகாமிலிருந்து திரும்பிய பின் இத்துறை நூல்களைத் தேடிப் படிக்கலானோம். தமிழாசிரியனுக்கு இது வேண்டாத வேலை என்று துறைத்தலைவர் நகைத்ததுண்டு. ஒரு சிற்றூரில் மலேரியா எவ்வளவு பரவுகிறது என்பதை அளப்பது, மழையை அளப்பது போல எளிதன்று என்பதை அந்த நூல்களே எமக்குக் கற்பித்தன.

மிகப் பழைய முறை கையால் தடவிப் பார்ப்பது. 1840களில் யமுனைக் கால்வாய்ப் பாசனத்தால் நோய் பெருகுகிறதா என்று ஆராய அமர்த்தப்பட்ட குழுவில் டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் இருந்தார். நோய்க்கிருமி இன்னதென்றே எவரும் அறியாத காலம். சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதன் கருவைக் கண்டது 1897 ஆகஸ்டு 20ஆம் நாளில்தான். ஆயினும் அடிக்கடி அக்காய்ச்சல் கண்டவர்க்கு இடப்பக்கத்து மண்ணீரல் வீங்கும் என்பது தெரிந்திருந்தது. கால்வாயோரக் கிராமங்களில் மக்களின் வயிற்றைத் தொட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று அவர் எண்ணினார். அதே கை அளவை நூறாண்டுக்குப் பின் உலக அரங்கிலும் நின்றது. இரண்டு முதல் ஒன்பது பத்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துக்குள் வீக்கம் எனில் நோய் மெலிது. ஐம்பதைத் தாண்டினால் கடிது. எழுபத்தைந்தைத் தாண்டினால் பிறந்தோர் எவரும் தப்பாத ஊர் என்று 1950இல் கம்பாலாவில் கூடிய வல்லுநர் வரையறுத்தனர். பிள்ளைகளை வைத்து அளந்தமைக்குக் காரணம் உண்டு. மீண்டும் மீண்டும் நோயுற்ற பெரியோர் உடலில் எதிர்ப்பாற்றல் ஏறி அடையாளம் மறைந்துபோகும். பிள்ளையின் உடலோ உள்ளதை உள்ளபடி சொல்லும்.

இன்னொரு முறை கொசுவையே கேட்பது. அந்தி முதல் விடியும்வரை ஒருவர் முழங்கால்வரை துணியை உயர்த்தி அமர்ந்திருப்பார். காலில் வந்தமரும் கொசுவைக் கடிக்குமுன் கைவிளக்கொளியில் கண்டு, உறிஞ்சு குழாயால் பிடித்து அடைப்பார். ஓரிரவில் ஒருவர் மேல் அமர்ந்தவை எத்தனை, அவற்றை அறுத்துப் பார்த்தால் உமிழ்நீர்ச் சுரப்பியில் நோயணு உடையவை எத்தனை என்னும் இரண்டையும் பெருக்க வேண்டும். இரவுக்கு 20 கொசு, நூற்றில் ஒன்றில் நோயணு என்று கொண்டால் ஓரிரவுக்கு 0.2, ஆண்டுக்கு 73 நச்சுக்கடி.

இம்முறைகளை ஒருங்கே கையாண்ட பேராய்வு ஒன்று வடக்கு நைஜீரியாவில், அன்றைய கானோ மாநிலத்துக் கார்க்கி வட்டாரத்தில் நிகழ்ந்தது. உலக நல நிறுவனமும் நைஜீரிய அரசும் இணைந்து 1969 முதல் 1976 வரை நடத்தின. அவ்வூர்களில் வாழ்வோர் ஹௌசா முஸ்லிம்கள். மணமான பெண்கள் வீட்டெல்லைக்குள் வாழும் 'குல்லே' என்னும் வழக்கம் அவர்களிடத்தும் உண்டு. அதனாலேயே எமக்கு அந்த ஆய்வின்பால் தனி ஈடுபாடு தோன்றியது. இரவெல்லாம் கொசு பிடித்தார்கள். சில வாரங்களுக்கொருமுறை ஊரையே இரத்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். பிறந்த குழந்தைக்கு எத்தனையாவது மாதத்தில் முதல் நோயணு ஏறுகிறது என்பதையும் தொடர்ந்து பார்த்தார்கள். சில ஊர்களில் நச்சுக்கடி ஆண்டுக்கு நூறையும் கடந்திருந்தது. வீடெங்கும் மருந்தடித்து, ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்தும் பரவலை அறுக்க முடியவில்லை. முடியவில்லை என்பதையே 1980இல் நூலாக வெளியிட்டார்கள். தோல்வியின் கணக்கை இவ்வளவு நேர்மையாக எழுதிய ஏடுகள் அரியவை என்பது எம் துணிபு.

நோய் மிகுந்த ஊரில் கொசு உண்மையைச் சொல்லிவிடும். நோய் குறைந்த எம் போன்ற ஊர்களில் நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தும் ஒன்றிலேனும் நோயணு கிட்டாமற் போகலாம். அங்கே மனிதரின் விரலைத்தான் கேட்க வேண்டும். விரல் நீட்டாதவர் இருந்தால் அளவு பிழைபடும். பூச்சியம் என்னும் எண்ணுக்கு அங்கே இரண்டு பொருள் ஏற்படுகிறது. தேடியும் கிடைக்கவில்லை என்பது ஒன்று, தேடவேயில்லை என்பது மற்றொன்று. ஏட்டில் இரண்டும் ஒரே வட்டமாகத்தான் இருக்கின்றன.

எம் கடலுக்கு நேரெதிரே உள்ள இலங்கை இவ்விரண்டையும் கண்டது. 1963இல் அங்கே ஆண்டு முழுவதற்கும் 17 பேர்தாம் நோயாளிகள். அதனை நம்பித் தேடுதல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது. பின்னர்ப் பல்லாண்டு உழைத்து, உள்நாட்டுப் போரின் நடுவிலும் தேடுதலை விடாது நடத்தி, 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் பரவிய நோயாளி ஒருவருமில்லை என்ற நிலையை எய்தினர். 2016 செப்டம்பரில் உலக நல நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. அந்தப் பூச்சியம் தேடிப் பெற்ற பூச்சியம்.

இப்போது உலர்ந்த ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் ஒற்றியெடுத்து, அதிலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு முன்பு எப்போதோ நோய் கண்டதையும் அறிகிறார்கள். எந்த வயதினர்வரை அதன் சுவடு இல்லை என்று பார்த்து, எத்தனை ஆண்டுக்கு முன் அவ்வூரில் பரவல் நின்றது என்று கணக்கிடவும் முடிகிறது. ஊரின் நோய் வரலாறு அவ்வூராரின் குருதியில் கல்வெட்டுப் போலப் பதிந்திருக்கிறது எனலாம். ஆனால் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் கர்ப்பிணிகள் மருத்துவ நிலையத்துக்கு முதன்முறை வரும்போதே, காய்ச்சல் இருப்பினும் இல்லாவிடினும், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிறார்கள். தான்சானியா 2014 முதல் இதனை நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. தாயையும் கருவையும் காப்பதற்காகத் தொடங்கிய அச்சோதனையே அவ்வூர்களில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும் அளவுகோலும் ஆயிற்று. ஊரின் நோயளவைக் கர்ப்பிணியைக் கொண்டே காணலாம் என்று இன்று சொல்கிறார்கள். எம் வீட்டில் அவரைத்தான் திரைக்குப் பின்னால் வைத்திருந்தோம்.

உம்மும்மா 1998இல் மறைந்தார். அவர்மீது எமக்கு மனத்தாங்கல் இல்லை என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. எம் விரலுக்கு முள் தைத்தாலும் துடித்தவர் அவர். மருமகளின் துயரையும் அவர் தாங்கியவரல்லர். இறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி வெண்துணியில் பொதிந்தது அவர் கைகளே. ஆனால் வாசலில் நின்று சொல்ல வேண்டிய சொல்லை எம் வாயில் இட்டதும் அவரே.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது சாச்சியிடம் இதையெல்லாம் முதன்முறையாகச் சொன்னோம். அவருக்கு இப்போது அறுபதுக்கு மேல். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மலேரியாக்காரரைப் பற்றியும், கம்பளி பற்றியும், எம் பொய் பற்றியும் கேட்டுக்கொண்டே பாக்கு நறுக்கினார்.

"உங்களைக் குத்தம் சொல்லி என்ன வாப்பா. சின்னப் பிள்ளை. மணிச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. மாமி வேண்டாம்னாங்க. கையை நீட்டுறியாம்மான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

பின்பு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் முற்பகலில், வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டத்தின் பணியாளராகிய பெண் ஒருவர் வந்தார். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். பர்தாவுக்கு மேலே அடையாள அட்டை தொங்கியது. நேரே அடுக்களைவரை வந்து, "மாமி, சக்கரை பார்க்கணும்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். சாச்சி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இடக்கை மோதிர விரலை நீட்டினார். ஊசி பட்டதும் முகத்தைச் சுளித்தார். ஒரு துளி.

"எவ்வளவு காட்டுது?" என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் எண்ணைச் சொல்லி ஏட்டில் எழுதிக்கொண்டார்.